வியூஃபைண்டரில் குங்குமம் தெரியாது

கல்யாண கேசட்டைப் பார்க்கவேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களை நான் நம்பியதே இல்லை. தங்கள் வீட்டுக் கல்யாண கேசட்டையே யாரும் இரண்டாவது தடவை முழுதாக உட்கார்ந்து பார்ப்பது கிடையாது. அப்படியிருக்கும்போது அடுத்த வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பதற்கு ஒருவர் பஸ் ஏறி சிங்காநல்லூர் வந்து இறங்குகிறார் என்றால், அவர் பார்க்க வந்தது கல்யாணத்தை அல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் அங்கே வீடியோக் கடை வைத்திருந்தார். முன்னறையில் ஒரு டி.வி., இரண்டு வி.சி.ஆர்., வருகிறவர்கள் உட்கார நாலைந்து இரும்பு நாற்காலிகள். "ஒரு காப்பி எடுக்கணுங்க, அதுக்கு முன்னால ஒருக்காப் பாத்துக்கறேன்" என்று என்னிடம் ஆரம்பிப்பார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் வரும் இடத்தையெல்லாம் வேகமாக ஓடவிடச் சொல்வார்கள். பந்தி வந்ததும், "அம்மணி, சித்தெ நிறுத்துங்க" என்பார்கள். அங்கே யாரோ ஒரு பெண் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பாள். அவளைத் தங்கள் மகனுக்குக் கேட்டிருப்பார்கள். நேரில் பெண் பார்க்கப் போனால் அலங்காரம் பண்ணித்தான் காட்டுவார்களாம், கேசட்டில் அசலைப் பார்த்துவிடலாமாம். நடை கோணுகிறதா, சிரிப்பு அதிகமா, பக்கத்தில் நிற்கும் பையன் யார், கழுத்தில் இருப்பது தேமலா நிழலா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். பங்காளிச் சண்டைக்காரர்கள் இன்னொரு ரகம். அவர்களுக்கு யார் வரவில்லை என்பதும், வந்தவர் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்பதும் வேண்டும்.

ஆள் எந்த ரகம் என்று மோப்பம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி. பெண்ணைத் துருவ வந்தவர்கள் என்று தெரிந்தால், "கேசட்ல பூஞ்சை புடிச்சுப்போச்சுங்க" என்று வாய் கூசாமல் பொய் சொல்லி அனுப்பிவிடுவேன். எந்தப் பெண்ணுக்கும் தெரியாமல் அவளை டி.வி.யில் நிறுத்தி வைத்துப் பார்ப்பது எனக்குப் பொறுக்காது. ஆனால் வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல் எடுத்தபடியே இருக்கிற மாஸ்டர் கேசட் எதையும் அண்ணனை அழிக்கவிட மாட்டேன். என்றைக்காவது யாராவது வந்து நடக்காததை நடந்தது என்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

நான் கேமராவைத் தொட்டதும் ஒரு சந்தேகத்தினால்தான். கல்யாணப் பெண்ணை ஜோடிக்கும் அறைக்குள் ஓர் ஆம்பிளை கேமராவோடு நிற்பது தோட்டம் காடு வைத்திருக்கிற வீடுகளில் பலருக்குப் பிடிக்கவில்லை. "உங்க தங்கச்சியை உள்ள அனுப்புங்க" என்று அண்ணனிடம் சொன்னார்கள். அறைக்குள் போன நான் கொஞ்ச நாளில் மேடைக்கு வந்துவிட்டேன். கேமரா என் தோளில், ஹாலஜன் லைட் அண்ணன் கையில். "ஏனுங்க அம்மணி, நெசமாலுமே இதுல படம் உழுகுதுங்களா?" என்று கேட்காத மண்டபம் இல்லை. அண்ணன் பிடித்தால் அந்தக் கேள்வி வராது.

அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்ட வீட்டில் எனக்கு மாப்பிள்ளை தேடுவது அண்ணனுடைய வேலையாகவும் அண்ணியுடைய கவலையாகவும் இருந்தது. வருகிற இடமெல்லாம் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கப்பறம் இந்த கேமராவை உட்ருவாங்கல்ல?" என்று கேட்கும். "உட மாட்டேன்" என்று நான் உள்ளறையிலிருந்து கேட்கும்படியாகவே சொல்வேன். அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள்.

இந்த நிலைமையில்தான் கிணத்துக்கடவுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தென்னந்தோப்புக்காரர்கள். முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்திச் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். சீர்களையெல்லாம் முன்னின்று நடத்தும் அருமைக்காரர் சொல்லச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் செய்வார்கள். அன்று நின்றவள் கூடப் பிறந்தவள் அல்ல, சித்தப்பா மகள். அது எனக்குத் தெரியாது. கூடப் பிறந்த அக்கா ஒருத்தி உண்டு என்பதும், அவள் வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மாப்பிள்ளை ஜாடையில் ஓர் அக்கா தூணுக்குப் பின்னால் பாதி முகத்தோடு நிற்கிறார், ஃபிரேம் கெடுகிறது என்பதுதான்.

அந்தக் கால கேமராவின் வியூஃபைண்டர் ஒரு சின்னக் கருப்பு வெள்ளை டி.வி. அதற்குள் கண்ணை வைத்துவிட்டால் பட்டுப்புடவையும் வெள்ளைச் சேலையும் ஒன்றுதான். கொஞ்சம் தள்ளி நிற்கிறவர் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. நான் சத்தமாகச் சொன்னேன்: "அக்கா, தூணுக்குப் பின்னால நிக்கறீங்களே, முன்னால வாங்க. மூஞ்சி லைட்ல உழுகல."

மேளம் ஓர் அடி தவறிய மாதிரி இருந்தது. அருமைக்காரர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்த அக்கா ஓர் எட்டு முன்னால் வைத்து, அப்படியே நின்று, மறுபடி தூணுக்குப் பின்னால் போனார். அண்ணன் லைட்டை அணைத்துவிட்டார். நான் கண்ணை எடுத்து நேரே பார்த்தபோதுதான் வெள்ளைச் சேலை தெரிந்தது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பெரியவர் ஒருவர் வந்து, "அம்மணி, வயிறாரச் சாப்புட்டுப்போட்டுக் கெளம்புங்க. காத்தால முகூர்த்தத்துக்கு அண்ணன் மட்டும் வந்தாப் போதுமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் மரியாதை கூடக்கூட விஷயம் மோசம் என்று அர்த்தம். நான் சாப்பிடாமலே கிளம்பினேன். அவமானத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. தம்பி கல்யாணத்தில் அக்காவைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியவர்கள் நல்லவர்கள், முன்னால் கூப்பிட்டவள் கெட்டவள்.

மிக்ஸிங்கில் அண்ணன் அந்த இடத்தை வெட்டிவிட்டு, ஒரு இதய வடிவத்தைப் போட்டு அதற்குள்ளிருந்து கல்யாணப் பெண்ணை வரவைத்தார். மேலே ஒரு காதல் பாட்டு. ஆனால் ஊர் வாயை வெட்ட முடியவில்லை. கேமராக்காரி விதவையைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள் என்று ஒரு பேச்சு. நெற்றியில் குங்குமம் வைக்கப் போனாள் என்று இன்னொன்று. ஜாதகம் பொருந்திவிட்டது என்று சொல்லியிருந்த பொள்ளாச்சிப் பக்கத்து இடம், மறுபடி பார்த்ததில் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பியது. அன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கண்ணு, இன்னொரு எடம் இதனால தட்டிப்போச்சுன்னா நீ அப்பறம் எப்பவுமே கேமராவைத் தொடக்கூடாது. இப்போதைக்கு லைட்டைப் புடி. அண்ணனுக்கு வேற வழி தெரியில."

அவர் குரல் உடைந்திருந்ததால் நான் சண்டை போடவில்லை. அடுத்து வந்த கல்யாணத்தில் லைட் பிடித்தேன். அண்ணன் ஃபிரேம் வைக்கிற அழகைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்கு நரகமாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் அந்த ஆள் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, நெற்றியில் திருநீறு. "கிணத்துக்கடவுக் கல்யாண கேசட்டு இருக்குதுங்களா? மாப்பிள்ளை ஊட்டுக்கு நாங்க சொந்தமுங்க" என்றார். சொந்தக்காரர் அந்த வீட்டிலேயே கேட்டு வாங்கிப் பார்க்காமல் இங்கே ஏன் வருகிறார்? அண்ணன் கடையில் இல்லை. நான் கேசட்டைப் போட்டுவிட்டு, டி.வி.யை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேசட்டில் ஆனைமலையிலிருந்து வந்த ஒரு பெண் உண்டு. பச்சைத் தாவணி, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. இவர் அவளைத்தான் துருவ வந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவள் வந்த மூன்று இடத்திலும் சிரித்துவிட்டுப் போனாள். இவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மொய் எழுதுகிற இடத்தையும் பார்க்கவில்லை, பந்தியையும் பார்க்கவில்லை. இணைச்சீர் வந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். இதயம் வந்தது, பாட்டு வந்தது.

"இங்க என்னமோ உட்டுப்போச்சாட்ட இருக்குதுங்களே" என்றார். "பாட்டுப் போடறதுக்கு முந்தி ஒரு கேசட்டு இருக்குமாமா? அதைக் காட்ட முடியுங்களா?"

"அது பூஞ்சை புடிச்சுப்போச்சுங்க" என்றேன்.

"பரவாயில்லீங்க, பூஞ்சையோடவே பாத்துக்கறோமுங்க. வெள்ளிக்கெழமை எங்கக்காவைக் கூட்டிட்டு வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் பொய்யை அவ்வளவு பணிவாக அதுவரை யாரும் தள்ளிவிட்டதில்லை.

அண்ணன் விஷயத்தைக் கேட்டதும், "அழிச்சுப்போட்டோம்னு சொல்லிரு. இப்பவே அழிச்சும் போடு" என்றார். பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்துப் போட்டுக்காட்டப்போகிறார்கள் என்பது அவர் பயம். எங்களை ஒரு மண்டபத்திலும் ஏறவிடாமல் பண்ணப் போகிறார்கள் என்பது அண்ணியின் பயம். எனக்கு இரண்டு பயமும் இருந்தன. மாஸ்டர் கேசட்டை வி.சி.ஆரில் தள்ளி, ரெக்கார்டு பட்டனில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. இதை அழித்துவிட்டால் ஊர் சொல்வது மட்டும்தான் மிச்சம் இருக்கும். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை, குங்குமம் வைக்கவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் எனக்கு இருந்த ஒரே சாட்சி இந்தக் கேசட்தான். வெளியே எடுத்துத் துடைத்து வைத்தேன். வருகிறவர்கள் வரட்டும் என்று வீம்பும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். அக்கா என்று அவர் கூட்டிவந்தவர் ஒல்லியான அம்மா, நெற்றி வெறுமையாக இருந்தது. வெள்ளைச் சேலை. அதைப் பார்த்ததும் என் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மாவாகவோ அத்தையாகவோ இருக்கும், அந்த அக்காவுக்காக என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வந்திருக்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் டி.வி. பக்கத்தில் உட்காராமல் கதவோரமாக உட்கார்ந்தார். அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கேசட்டைப் போட்டேன். அந்த அம்மா திரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தத்தைக் கொஞ்சம் எச்சு பண்ணுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார். மேளம், குழந்தை அழுகை, யாரோ யாரையோ தண்ணீர் கேட்பது, பிறகு என் குரல். ரேஷன் கடையில் சண்டை போடுகிறவள் குரல் மாதிரி இருந்தது. "அக்கா, தூணுக்குப் பின்னால நிக்கறீங்களே, முன்னால வாங்க." திரையில் அந்த அக்கா ஓர் எட்டு வைத்து நின்றார். லைட் அணைந்து இருட்டானது.

"மறுக்காப் போடுங்க."

போட்டேன்.

"இன்னொருக்காங்க."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன வேணும்னு நேரடியாச் சொல்லிருங்கம்மா. திட்டறதுன்னாத் திட்டிப்போடுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது நீங்க பேசுனதுங்களா?"

"நான்தானுங்க."

"அன்னிக்கு நானும் அந்த மண்டபத்துலதான் இருந்தனுங்க. பந்தி நடக்கற வாசப்படியோரமா, எங்களையாட்ட இருக்கறவங்க உக்கார்ற எடத்துல. முன்னால வாங்கன்னு காதுல உழுந்துச்சு. மேளச் சத்தத்துல நெசமாக் கேட்டனா, நானா நெனச்சுக்கிட்டனான்னு அன்னியிலிருந்து ஒரே சந்தேகமுங்க. ஊர்ல ஆளுக்கொரு கதை சொல்றாங்க. அதான் காதுலயே கேட்டுப்போடலாம்னு வந்தேன்."

பாராட்டுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதை வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை, ஏனென்றால் அது எனக்குச் சேர வேண்டியது அல்ல. "தெரியாமச் சொன்னதுங்கம்மா" என்றேன். வாயால் விளக்கினால் நம்பமாட்டார் என்று அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து, தாங்கிப் பிடித்து, அவர் கண்ணில் வியூஃபைண்டரை வைத்தேன். அண்ணன் வந்து அதைத் தாங்கிக்கொள்ள, நான் எதிர்ச் சுவரோரம் போய் நின்றேன். அவர் அதன் வழியாக என்னையே பார்த்தார்.

"அட, உங்க பொட்டும் தெரியிலீங்களே."

"அதான் சொல்றனுங்க. எல்லாருமே கருப்பு வெள்ளைதான். யாருன்னு தெரியாமத்தான் கூப்பிட்டேன்."

அவர் கண்ணை எடுத்தார். "அப்பத் தெரிஞ்சிருந்தாக் கூப்பிட்டிருக்க மாட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, இல்லை என்று சொல்ல நெஞ்சு ஒப்பவில்லை. "தெரியிலீங்க" என்றேன்.

அந்த அம்மா தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் குடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்கு ஒரே பையன், சிங்காநல்லூரிலேயே மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான், உங்கள் தங்கச்சி ஜாதகம் கிடைக்குமா என்றார். அண்ணன் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர், எங்கே கேட்காமல் விட்டுவிடுவாரோ என்று நான் பார்த்துக்கொண்டிருந்த கேள்வியையும் கேட்டார்: "ஏனுங்க, கேமரா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டுமுங்க" என்றார் அந்த அம்மா.

இத்தனை வருஷமாக ஊரில் உள்ள பெண்களையெல்லாம் டி.வி.யில் நிறுத்திப் பார்த்தவர்கள் நடுவில், என் முகத்தைப் பார்க்காமல் குரலைக் கேட்டுவிட்டுக் கேட்ட இடம் இது ஒன்றுதான். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறார்கள் என்றால் பையனிடம் ஏதோ கோளாறு இருக்கவேண்டும். குடியா, கோபமா, வேறு எங்காவது தொடர்பா? பட்டறைப் பக்கம் டீக்கடையில் அண்ணியை விட்டு விசாரித்தேன். போதவில்லை. கடையிலிருந்த சிங்காநல்லூர்க் கல்யாண கேசட்டுகளையெல்லாம் போட்டு, மற்றவர்கள் செய்தால் நான் காறித் துப்புகிற அதே வேலையை மதியம் முழுக்கச் செய்தேன். ஒரு நண்பன் கல்யாணத்தில் ஆள் அகப்பட்டார். தண்ணீர் வாளியோடு பந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். நிறுத்திப் பார்த்தேன். முகத்துக்குக் குறுக்கே கோடு நடுங்கியது. காலி டம்ளரைக் கண்டால் கேட்காமலே ஊற்றுகிறார் என்பதைத் தவிர ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி பின்னால் வந்து நின்று சிரித்தாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் கல்யாணத்துக்கு வெளியாள் கேமரா பிடிப்பதை அண்ணன் நம்பவில்லை. அவரே பிடித்தார். மச்சான் செய்ய வேண்டிய சீருக்கு மட்டும் கேமராவை லைட் பிடித்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து, முடித்ததும் ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டார்.

தாலி ஏறியது. அருமைக்காரர் முதலில் அரிசி போட்டார். பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணினார்கள். மாப்பிள்ளையின் அம்மா வரவில்லை. மகன் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். கூட்டத்துக்கு மேலே கண்ணை ஓட்டித் தேடினேன். பந்தி வாசப்படியோரமாக இருந்தார். அன்று என் கண்ணில் வியூஃபைண்டர் இல்லை. மஞ்சள் சுண்ணாம்புச் சுவர், சிவப்பும் பச்சையுமாகப் பட்டுச்சேலைகள், வாசலில் தொங்கிய செவ்வந்தி மாலை, அதற்குக் கீழே வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, எல்லாம் கலரில் தெரிந்தன. மேடையில் நின்ற பெரியவர்களின் முகமும் தெரிந்தது. கல்யாணப் பெண் வாய் திறந்தால் என்ன பேச்சு கிளம்பும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

"அத்தை, அங்க நிக்கறீங்களே, முன்னால வாங்க" என்றேன். "மூஞ்சி லைட்ல உழுகல."

மேளம் நின்றே போனது. அருமைக்காரர் இருமினார். லைட் பிடித்தவர் என்ன செய்வது என்று தெரியாமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "லைட்டை அந்தப் பக்கம் திருப்பப்பா" என்றார்.

அத்தை ஓர் எட்டு வைத்து நின்றார். கிணத்துக்கடவு அக்காவும் அப்படித்தான் நின்றார். போய்விடுவாரோ என்று பயந்தேன். மாப்பிள்ளை அப்போதுதான் தலையைத் தூக்கி, "வாம்மா" என்றார். வழியில் நின்றவர்கள் விலகினார்களா, அவர்தான் ஒதுக்கிக்கொண்டு வந்தாரா, எனக்குத் தெரியவில்லை. மேடையேறி, தட்டிலிருந்து அரிசியை அள்ளி எங்கள் தலையில் போட்டார். போட்டுவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்:

"இப்பத் தெரிஞ்சுதானே கண்ணு கூப்பிட்டே?"

மிக்ஸிங்கில் அந்த இடத்துக்கு அண்ணன் ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். என் வாய் அசைவது மட்டும் கேசட்டில் தெரியும். தெரிஞ்சுதாங்க அத்தை என்றேன்.